எலிகு யேல்: சிறுமியருக்கு நான் சொன்ன அமெரிக்க வரலாறு

(பத்தாம் வகுப்பு மாணவி, குயிலாப்பாளையம்)

முன்னுரை

ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ஆம் நாள் ஆசிரியர் தினத்தன்று எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. அன்று ஆசிரியைகள் ஓய்வாக அமர்ந்திருக்க, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் சேலை உடுத்திக்கொண்டு, கையில் சுண்ணக்கட்டியுடன் கீழ் வகுப்புகளுக்குச் சென்று பாடம் நடத்துவோம். எனக்குக் கிடைத்தது நான்காம் வகுப்பு. பாடம் சமூக அறிவியல்.

என்ன பாடம் வேண்டும் என்று முதல் நாளே சென்று கேட்டேன். அமெரிக்காவைப் பற்றிச் சொல்லுங்கள் அக்கா என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கூவினார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஆசை இயல்பானதே. 1968-ஆம் ஆண்டு ஆரோவில் நகரம் தொடங்கப்பட்ட நாள் முதல், குயிலாப்பாளையத்தின் செம்மண் பாதைகளில் வெளிநாட்டார் சைக்கிளில் போவதும் வருவதும் எங்களுக்குப் பழகிப்போன காட்சி. அவர் பிரான்சிலிருந்து வந்திருந்தாலும் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தாலும் எங்கள் வீட்டுச் சிறுவர்களுக்கு அவர் அமெரிக்காக்காரர்தான்!

ஆனால் ஒன்பது வயதுச் சிறுமியருக்கு அமெரிக்க வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது? கொலம்பஸ், வாஷிங்டன், லிங்கன் என்று பெயர்களை அடுக்கினால் கொட்டாவி விடுவார்களே! கவலையுடன் எங்கள் வரலாற்று சிஸ்டரிடம் சென்றேன். தொலைவில் இருப்பதைச் சொல்ல வேண்டுமானால் அருகில் இருப்பதிலிருந்து தொடங்கு என்று அவர் அறிவுரை கூறினார். அமெரிக்காவில் பிறந்து, நம் சென்னையை ஆண்டு, நம் கடலூரில் கோட்டை வாங்கி, இறுதியில் அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தம் பெயரைத் தந்த ஒருவரைப் பற்றிய குறிப்புகளையும் எனக்குக் கொடுத்தார். அவர்தாம் எலிகு யேல். அவருடைய வாழ்க்கை வரலாற்றையும், அதை நான் வகுப்பில் சொன்னபோது நடந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்திலிருந்து மக்கள் கப்பலேறி அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே தொன்றுதொட்டு வாழ்ந்து வந்த செவ்விந்தியர் என நாம் அழைக்கும் பழங்குடி மக்களின் நிலத்தில், 1630-ஆம் ஆண்டு பாஸ்டன் என்னும் ஊர் உருவாயிற்று. அந்த ஊரில் 1649-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் எலிகு யேல் பிறந்தார். தந்தையார் டேவிட் யேல் ஒரு வணிகர். அவர்களுடைய பூர்வீகம் வேல்ஸ் நாட்டிலுள்ள ரெக்ஸம் என்னும் ஊரை அடுத்தது.

எலிகுவுக்கு மூன்று வயதானபோது, 1652-இல், குடும்பம் லண்டனுக்குத் திரும்பிவிட்டது. அதன்பின் தம் வாழ்நாள் முழுவதும் அவர் அமெரிக்க மண்ணை மிதிக்கவேயில்லை. பிறந்த ஊர் அவருக்கு நினைவில் இருந்திருக்குமா என்பதே ஐயம். ஆயினும் அந்த நாடு அவர் பெயரை மறக்கவில்லை. வியப்பாக இருக்கிறதல்லவா?

சென்னைக்கு வருகை

கிழக்கிந்தியக் கம்பெனி அக்காலத்தில் இளைஞர்களை எழுத்தர்களாகச் சேர்த்துக்கொண்டு இந்தியாவுக்கு அனுப்பி வந்தது. யேலும் அவ்வாறு சேர்ந்தார். ஆண்டுக்குப் பத்துப் பவுன் சம்பளம். பல மாதக் கடற்பயணத்திற்குப் பின் 1672-இல் சென்னையை வந்தடைந்தார். அப்போது புனித ஜார்ஜ் கோட்டை எழும்பத் தொடங்கி முப்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. துறைமுகம் கிடையாது. அலைகளைக் கடந்து மசூலாப் படகில் கரைசேர வேண்டும்.

கம்பெனி இங்கே தேடி வந்த பொருள் துணி. சோழமண்டலக் கரையில் நெசவாளர் நெய்த பருத்தித் துணிக்கும், சாயமிட்ட துணிக்கும், மெல்லிய மஸ்லினுக்கும் உலகெங்கும் மதிப்பு இருந்தது. அத்துணிகளைக் கணக்கெழுதி, மூட்டைகளாகக் கட்டி, கப்பலேற்றும் வேலையைக் கற்றுக்கொண்ட யேல், சில ஆண்டுகளிலேயே படிப்படியாக உயர்ந்தார்.

கோட்டைக்குள் கட்டப்பட்ட புனித மரியாள் ஆலயம் 1680 அக்டோபரில் அர்ப்பணிக்கப்பட்டது. ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த அவ்வாலயம் இன்றும் இருக்கிறது. அங்கே நடந்த முதல் திருமணமே யேலின் திருமணம்தான். 1680 நவம்பர் 4-ஆம் நாள் காதரின் ஹின்மர்ஸ் என்னும் கைம்பெண்ணை அவர் மணந்தார். அவர்களுக்கு மூன்று பெண்களும் டேவிட் என்ற ஒரே ஆண் குழந்தையும் பிறந்தனர்.

ஆளுநர் யேல்

1687 ஜூலையில் யேல் சென்னையின் ஆளுநரானார். பத்துப் பவுன் சம்பளத்தில் சேர்ந்த எழுத்தர், பதினைந்து ஆண்டுகளில் கோட்டைக்கே தலைவரானார். அவர் ஆட்சியில்தான், 1688-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள், அதிதூதர் மிக்கேல் திருநாளன்று, சென்னை மாநகராட்சி தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மாநகராட்சி அதுவே. அதன் முதல் மேயரான நத்தானியேல் ஹிக்கின்சனும் அமெரிக்கக் குடியேற்றத்தில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் யேலின் இல்லத்தில் பெருந்துயரம் நிகழ்ந்தது. ஒரே மகன் டேவிட் நான்கு வயது நிரம்புமுன் இறந்துபோனான். தாயின் முதல் கணவர் அடக்கம் செய்யப்பட்ட கல்லறையிலேயே அவனையும் அடக்கம் செய்தார்கள். ஊசிபோல் உயர்ந்த கோபுரம் உடைய அந்தக் கல்லறை இருந்த இடமே பிற்காலத்தில் சென்னைச் சட்டக் கல்லூரி வளாகமாயிற்று.

கடலூர்க் கோட்டையும் குண்டுக் கிராமங்களும்

இங்குதான் கதை நம் ஊருக்கு அருகில் வருகிறது. நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை அப்போது மராத்தியர் கையில் இருந்தது. மன்னர் சிவாஜியின் இளைய மகன் இராஜாராம், ஒளரங்கசீப்பின் படைகளிடமிருந்து தப்பி வந்து செஞ்சியில் தங்கியிருந்தார். போருக்குப் பணம் தேவைப்பட்டது. ஆங்கிலேயருக்கோ தெற்கே ஒரு கோட்டை தேவைப்பட்டது. 1690-ஆம் ஆண்டு யேல், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து கம்பெனிக்காக விலைக்கு வாங்கினார்.

கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? அதற்கு ஒரு விந்தையான ஏற்பாடு செய்தார்கள். கோட்டையின் மேல் பீரங்கியை ஏற்றி நாலா பக்கமும் சுடுவது. குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை ஆங்கிலேயருக்குச் சொந்தம்! நல்ல பீரங்கி ஒன்றை இதற்கெனச் சென்னையிலிருந்து வரவழைத்தார்கள். குண்டு எட்டிய எல்லைக்குள் அடங்கிய ஊர்கள் குண்டுக் கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. அந்த ஊர்களில் வாழ்ந்த மக்களை எவரும் ஒரு சொல் கேட்டதாகத் தெரியவில்லை.

கோட்டைக்குப் புனித தாவீது கோட்டை எனப் பெயரிடப்பட்டது. வேல்ஸ் நாட்டின் காவலரான புனிதரின் பெயர் அது. இறந்துபோன மகன் டேவிட்டை எண்ணி வைத்த பெயர் என்று கூறுவாரும் உண்டு.

பதவி இழப்பு

யேல் கம்பெனிக்கு உழைத்ததோடு தமக்காகவும் பெரிதும் உழைத்துக்கொண்டார். வைர வணிகத்திலும் பிற வணிகத்திலும் பெருஞ்செல்வம் சேர்த்தார். கம்பெனியின் பணத்தைச் சொந்த வணிகத்திற்குப் பயன்படுத்தினார் என்று உடன் பணியாற்றியோரே குற்றம் சாட்டினர். 1692-இல் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். வழக்குகளும் விசாரணைகளும் தொடர்ந்ததால், 1699-இல்தான் அவரால் இங்கிலாந்து திரும்ப முடிந்தது. மனைவியும் பெண்களும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சென்றுவிட்டிருந்தனர். லண்டனில் அவருடைய மாளிகை ஓவியங்களாலும் வைரங்களாலும் அரிய பொருள்களாலும் நிறைந்திருந்தது.

ஒன்பது மூட்டைகளும் 417 நூல்களும்

அமெரிக்காவில் கனெக்டிகட் என்னும் குடியேற்றத்தில் 1701-ஆம் ஆண்டு ஒரு சிறு கல்லூரி தொடங்கப்பட்டிருந்தது. ஊர் ஊராக மாறிய அக்கல்லூரி 1716-இல் நியூ ஹேவன் நகரை அடைந்தது. கட்டடம் எழும்பத் தொடங்கியது; பணம் போதவில்லை. கனெக்டிகட்டின் பிரதிநிதியாக லண்டனில் இருந்த ஜெரமையா டம்மர் யேலிடம் உதவி கேட்டார். பாஸ்டனில் இருந்த போதகர் காட்டன் மேதர், உதவி செய்தால் கல்லூரிக்கு அவர் பெயரையே சூட்டலாம் என்ற கருத்தில் 1718-இல் அவருக்குக் கடிதம் எழுதினார். ஆண் வாரிசு இல்லாத யேலின் மனத்தை அது தொட்டிருக்க வேண்டும்.

யேல் 417 நூல்களையும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படம் ஒன்றையும், ஒன்பது மூட்டைச் சரக்கையும் அனுப்பி வைத்தார். மூட்டைகளில் பெரும்பாலும் இருந்தவை துணிகள். அவற்றில் காலிகோவும் மஸ்லினும் இருந்தன. இந்தியத் துணிகளால் உலகில் பரவிய பெயர்கள் அவை. அச்சரக்கு 562 பவுன் 12 ஷில்லிங்கிற்கு விற்கப்பட்டது. அப்பணத்தில் கட்டடம் நிறைவேறியது. 1718 செப்டம்பரில் யேல் கல்லூரி என்று பெயர் சூட்டினார்கள். அதுவே இன்று உலகப் புகழ் பெற்ற யேல் பல்கலைக்கழகம்.

1721 ஜூலை 8-ஆம் நாள் யேல் லண்டனில் காலமானார். ரெக்ஸம் நகரில் புனித ஜைல்ஸ் ஆலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

வகுப்பில் எழுந்த கேள்வி

இவ்வளவையும் நான்காம் வகுப்பில் சொன்னேன். குண்டுக் கிராமக் கதைக்குக் குழந்தைகள் கைதட்டிச் சிரித்தார்கள். நம் ஊர்க் குண்டு அமெரிக்கா வரை போயிருக்கிறது என்று ஒருத்தி சொன்னபோது நானும் சிரித்துவிட்டேன். கரும்பலகையில் பாஸ்டன், லண்டன், சென்னை, கடலூர், நியூ ஹேவன் என்று ஐந்து புள்ளிகளை வைத்துக் கோடு இழுத்தேன். கல்விக்குக் கொடுத்தவர் பெயர் அழியாது. நீங்களும் கொடுத்து வாழுங்கள் என்று முடிக்க எண்ணியிருந்தேன்.

அப்போது கடைசி வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். பத்துப் பவுன் சம்பளக்காரருக்கு அத்தனை பணம் எப்படி வந்தது அக்கா என்று கேட்டாள். வைர வியாபாரம் என்றேன். அது மட்டுமா என்று கேட்டாள். என் முகம் சிவந்துவிட்டது.

ஏனென்றால் சிஸ்டர் கொடுத்த குறிப்புகளில் இன்னொரு பக்கமும் இருந்தது. இவர்கள் சிறுபிள்ளைகள், இதைக் கேட்டு அஞ்சுவார்கள், அழகான கதை கெட்டுவிடும் என்று எண்ணி அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தேன். ஒரு கணம் தயங்கினேன். பிறகு அதை விரித்து, அவர்களுக்கு விளங்கும் எளிய சொற்களில் சொன்னேன்.

யேல் ஆளுநரான அதே 1687-ஆம் ஆண்டு, ஒளரங்கசீப் கோல்கொண்டாவை வென்றார். போரும் பஞ்சமும் இப்பகுதி மக்களை வாட்டின. ஒரு வேளைச் சோற்றுக்காகத் தங்களையும் தங்கள் குழந்தைகளையும் விற்றவர்கள் பலர். அவர்களை வாங்கிக் கப்பலேற்றும் வாணிகம் சென்னைக் கடற்கரையில் நடந்தது. அந்த ஆண்டில் ஒரே மாதத்தில் 665 பேருக்குக் குறையாமல் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து அடிமைகளாக அனுப்பப்பட்டதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்த கூட்டத்தில் யேல் இருந்தார். குற்றவாளிகள் எனத் தம்முன் நிறுத்தப்பட்ட இந்நாட்டு மக்கள் சிலருக்கு, நீதிபதியாக அமர்ந்து, சவுக்கடியும் அடிமைத்தனமும் தண்டனையாக விதித்தார். பிள்ளை பிடிப்பவர்கள் குழந்தைகளைத் திருடிக் கொண்டுவந்து விற்ற கொடுமையும் நடந்தது. 1688-இல் சென்னையில் இவ்வாணிகத்துக்குத் தடை போடப்பட்டது. மொகலாய அரசின் சினம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். கம்பெனியாரின் இரக்கத்தால் மட்டும் வந்த தடை அன்று.

பெயரில்லாத சிறுவன்

சிஸ்டர் காட்டிய ஓவியத்தைப் பற்றியும் சொன்னேன். 1719-ஆம் ஆண்டையொட்டி லண்டனில் வரையப்பட்டது அது. பட்டாடை அணிந்த யேலும் உறவினரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். பின்புறம் தோட்டத்தில் பேரக்குழந்தைகள் விளையாடுகிறார்கள். வலப்பக்க ஓரத்தில் கறுத்த சிறுவன் ஒருவன் நிற்கிறான். வயது ஏறத்தாழப் பத்து இருக்கும். அவன் கழுத்தில் வெள்ளியாலான பட்டை. அதில் ஒரு பூட்டு. நகை என்று எண்ணிவிடாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவன் அடிமை என்பதற்கு அடையாளம் அது. அவன் எந்த நாட்டுப் பிள்ளை என்பதையோ, அவன் பெயர் என்ன என்பதையோ யாரும் எழுதி வைக்கவில்லை.

யேல் பல்கலைக்கழகத்தின் ஓவியக் கூடத்தில் இருந்த இப்படத்தை 2020-இல் சுவரிலிருந்து இறக்கி வைத்து, அச்சிறுவன் யார் என ஆராய்ந்தார்கள். பின்னர், அவனைப் பற்றிய விளக்கத்துடன் மீண்டும் மாட்டினார்கள். பெயர் மட்டும் கிடைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் அப்பல்கலைக்கழகம், தன் பழைய வரலாற்றில் அடிமை முறைக்கு இருந்த பங்குக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

வகுப்பு அமைதியாகிவிட்டது. அஞ்சி அழுவார்கள் என்று நினைத்தேன். எவரும் அழவில்லை. அதே சிறுமி மறுபடியும் எழுந்தாள். அமெரிக்காவுக்கு அனுப்பிய 417 புத்தகங்களில் ஒன்றையாவது அந்த அண்ணனுக்குப் படிக்கக் கொடுத்தார்களா அக்கா என்று கேட்டாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மணி அடித்துவிட்டது.

முடிவுரை

மாலையில் சிஸ்டரிடம் நடந்ததைச் சொல்லி, குழந்தைகளிடம் இதைச் சொன்னது தவறா என்று கேட்டேன். உண்மையைச் சொல்லும்போது குரலை மென்மையாக்கலாம், உண்மையைக் குறைக்கக் கூடாது என்பதே அவர் சொன்னதன் கருத்து. அன்று முதல் நானும் இதைப் பற்றிப் பலமுறை சிந்தித்திருக்கிறேன்.

யேலின் கல்லறையில் செய்யுள் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அவர் செய்த நன்மையும் தீமையும் ஒன்றுக்கொன்று ஈடாகியிருக்கும் என்று நம்பும் பொருளில் அது அமைந்திருக்கிறது. நாம் கடையில் சாமான் வாங்கும்போது தராசின் இரு தட்டுகளையும் பார்க்கிறோம். ஒரு தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு நிறை சரி என்று சொன்னால் அம்மா ஒப்புவார்களா? ஒரு தட்டில் 417 நூல்கள் இருக்கின்றன. மற்றொரு தட்டில் பெயர் தெரியாத அந்தச் சிறுவனும், கப்பலேற்றப்பட்ட நம் நாட்டு மக்களும் இருக்கிறார்கள். சரியாயிற்றா என்று தீர்ப்பிட நான் யார்? இறைவனே நீதியுள்ள நடுவர். ஆனால் இரண்டு தட்டுகளையும் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டுவது கற்பிப்பவர் கடமை என்பதை அன்று உணர்ந்தேன்.

அமெரிக்காவின் வரலாறு அமெரிக்காவில் மட்டும் நடந்ததன்று. நம் நெசவாளர் நெய்த துணியும், நம் கடற்கரையில் திரண்ட செல்வமும், நம் மக்கள் சிந்திய கண்ணீரும் அதில் கலந்திருக்கின்றன. ஆகவே அதைக் கேட்கவும் கேள்வி எழுப்பவும் குயிலாப்பாளையத்துச் சிறுமிக்கும் உரிமை உண்டு.

அன்புத் தோழியரே! நம் வகுப்பு அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு நூலும் யாரோ ஒருவரின் உழைப்பால் நமக்குக் கிடைத்தது. அந்தச் சிறுவனுக்குக் கிடைத்ததா என்று தெரியாத வாய்ப்பு நமக்கு நிச்சயமாகக் கிடைத்திருக்கிறது. படிக்க வழியில்லாத பிள்ளை நம் தெருவில் ஒருத்தி இருந்தாலும், நாம் படித்து முடித்த நூலை அவளுக்குக் கொடுப்போம். கொடுக்கும்போது முதலில் அவள் பெயரைக் கேட்போம்.